கார்பிமசோலும் அக்காவின் தலைவலியும்

போன மே மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். அக்காவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருப்பார்களே, கொசு எழுத்தில் அச்சடித்த தாள், அதன் படம். ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். ஹெட்ஏக். அக்கா பள்ளி ஆசிரியை, சிவப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். படத்துக்குக் கீழே ஒரு வரி: "பாத்தியா, நான் சொன்னேன்ல. மாத்திரைய நிறுத்திட்டேன்."

அன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த நாள். தேதி மறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மாத்திரை என்றால் கார்பிமசோல். ஜனவரி கடைசியில் அக்காவுக்குக் கிரேவ்ஸ் நோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். மூன்று மாதத்தில் 7 கிலோ இறங்கியிருந்தாள். கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்குது என்று சொன்னாள், நாங்கள் வயசாகுதுன்னு கிண்டல் பண்ணினோம். நாடித்துடிப்பு 120. கார்பிமசோல் 10 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, படபடப்புக்கு ப்ராப்ரனலால் 20 மில்லிகிராம் இரண்டு வேளை. ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையோடு வரச் சொன்னார்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாய் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு விஷயம் மண்டைக்குள் நுழைந்துவிட்டால் தோண்டாமல் தூக்கம் வராது, அவ்வளவுதான் என் தகுதி. இந்தப் பதிவை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவில் பாதி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் அது ஹைப்போ, அதாவது சுரப்பு குறைந்த நிலை, என்று எடுத்துக்கொள்வார்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை, முட்டைக்கோஸ் சாப்பிடாதே என்று அறிவுரை. அக்காவுக்கு இருப்பது நேர் எதிர். கிரேவ்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஒரு தவறான சாவியைச் செய்து, தைராய்டு சுரப்பியின் பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டே இருக்கும். சுரப்பி நிற்காமல் ஹார்மோனைக் கொட்டும். கார்பிமசோல் அதை அடக்குகிற மருந்து.

அடக்குவது எப்படி? தைராய்டு ஹார்மோன் என்பது டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் அயோடினை ஒட்டிச் செய்கிற பொருள். ஒட்டும் வேலையைச் செய்வது தைராய்டு பெராக்சிடேஸ் என்கிற நொதி. கார்பிமசோல் உடம்புக்குள் போனதும் மெத்திமசோலாக மாறி அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. இந்த வகை மருந்துகளின் ஆரம்பம் சுவாரசியமானது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காகச் சல்பாகுவானிடினும் பினைல்தயோயூரியாவும் தின்ற எலிகளுக்குக் கழுத்து வீங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு பாஸ்டனில் எட்வின் ஆஸ்ட்வுட் ஏகப்பட்ட சேர்மங்களை எலிகளில் சோதித்து, 1943-இல் தயோயூராசிலை மனிதர்களுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். தயோயூராசில் வெள்ளை அணுக்களை ரொம்பவும் காவு வாங்கியதால் கைவிடப்பட்டது. அதன் தம்பிகள்தான் இன்று நாம் விழுங்குவது. அதில் ஒன்றான புரொப்பைல்தயோயூராசில் சிலர் நாக்குக்குக் கடுங்கசப்பு, சிலருக்குச் சுவையே தெரியாது. சுவை ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தாளில் தோய்த்து நாக்கில் வைத்து ஆட்களைப் பிரிப்பார்கள். அதுவும் தலைவலியும் சம்பந்தமில்லாத விஷயம், சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் நேரடியாக மெத்திமசோலாகவே தருகிறார்கள். கார்பிமசோலின் மூலக்கூறு எடை 186, மெத்திமசோலுடையது 114. ஆகவே 10 மில்லிகிராம் கார்பிமசோல் ஏறத்தாழ 6 மில்லிகிராம் மெத்திமசோலுக்குச் சமம். அக்காவின் 30 என்பது அவர்கள் கணக்கில் 18. இது தெரியாமல் "அந்தம்மாவுக்கு 15-தான், எனக்கு ஏன் 30" என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

சரி, தாளுக்கு வருவோம். அக்கா வட்டம் போட்டது பொய் இல்லை. கார்பிமசோலின் மருந்துக் குறிப்பில் அடிக்கடி வருபவை என்று குமட்டல், தலைவலி, மூட்டுவலி, லேசான வயிற்றுக் கோளாறு, தோல் தடிப்பு, அரிப்பு ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். மெத்திமசோலின் அமெரிக்கக் குறிப்பிலும் சிறு பக்கவிளைவுகள் பட்டியலில் தலைவலி உண்டு. ஆனால் அக்கா வட்டம் போடாத இரண்டு வரிகள் அதே பத்தியில் இருந்தன. ஒன்று, இவை பெரும்பாலும் சிகிச்சையின் முதல் எட்டு வாரத்துக்குள் வரும். இரண்டு, பெரும்பாலும் தானாகவே அடங்கும், மருந்தை நிறுத்த வேண்டிய அவசியம் இருக்காது. அக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்தது பதினோராவது வாரத்தில்.

அன்று ராத்திரியே போன் போட்டு இந்த இரண்டு வரிகளையும் படித்துக் காட்டினேன். "வலிக்கிறவளுக்குத்தான்டா தெரியும்" என்று வைத்துவிட்டாள். நியாயம்தான். எட்டு வாரம் என்பது சராசரி, வேலி இல்லை. ஆனால் இன்று யோசித்தால் என் மேல்தான் கோபம் வருகிறது. ஆபீசில் யாராவது "சர்வர் மெதுவா இருக்கு" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது லாக் எங்கே என்றுதான். அக்காவிடம் லாக் கேட்கவில்லை, வாதாடினேன். வாதாடித் தோற்றுப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஜூன் பாதியில் அக்கா மகள் கூப்பிட்டாள். "மாமா, அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, மாடிப்படி ஏற முடியல." விரல் நுனியில் மாட்டும் கருவியில் 126 காட்டியது. மாமா ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தார். நல்லவேளை, துடிப்பு வேகமாக இருந்தாலும் சீராக இருந்தது. கட்டுப்படாத ஹைப்பர் தைராய்டில் இதயத் துடிப்பு தாளம் தப்பி, மேலறைகள் வெறுமனே நடுங்கும் நிலைக்குப் போகலாம். அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒரு தலைவலிக்காக அக்கா பணயம் வைத்தது இதைத்தான், தெரியாமலே.

மறுநாள் காலை பல்லவன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்போது நான் திருச்சி போகும் பஸ்ஸில் இருந்தேன். வீட்டுக்குப் போனதும் அக்காவின் மஞ்சள் ஃபைலைத் திறந்து, சீட்டுகளைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன். அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டே "என்னடா, கோலம் போடுறியா" என்றாள். இருந்தவை இவை:

ஜனவரி கடைசியில் மருந்து ஆரம்பம். மார்ச் நடுவில் போக வேண்டிய ஆறாவது வாரப் பரிசோதனைக்கு அவள் போகவில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வு, அறைக் கண்காணிப்பு, உடம்பும் நன்றாகிவிட்டது, எதற்கு லீவு என்று விட்டுவிட்டாள். மருத்துவமனையிலிருந்து யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே 30 மில்லிகிராமைத் தொடர்ந்தாள். மார்ச் கடைசியில் ப்ராப்ரனலால் அட்டை தீர்ந்தது, படபடப்பு இல்லையே என்று திரும்ப வாங்கவில்லை. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். ஏப்ரல் நடுவில் தலைவலி. அதே மாதம் புது மூக்குக் கண்ணாடி. ஏப்ரல் 28-ஆம் தேதி, தானாகவே போய் லேபில் ஒரு தைராய்டு பரிசோதனை. மே 4, மாத்திரை நிறுத்தம்.

ஒரே மாதத்தில் எத்தனை மாற்றம் பாருங்கள். ப்ராப்ரனலால், விடைத்தாள், கண்ணாடி, திருச்சி வெயில். இவ்வளவையும் விட்டுவிட்டுச் சந்தேகம் நேராக மாத்திரையின் மேல் போனதற்குக் காரணம், அந்த வார்த்தை அச்சில் இருந்தது. வெயிலுக்கும் விடைத்தாளுக்கும் யாரும் பெட்டிக்குள் தாள் மடித்து வைப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தலைவலி என்பது ரொம்பச் சாதாரணமான தொல்லை. 2021 நிலவரப்படி உலக மக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகைத் தலைவலிக் கோளாறு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு பேருக்கு வெறும் சர்க்கரை உருண்டை கொடுத்து மூன்று மாதம் பார்த்தாலும் நிறையப் பேருக்குத் தலை வலித்திருக்கும். தோல் தடிப்போ மூட்டு வீக்கமோ வந்தால் மருந்தைச் சந்தேகிப்பது சுலபம், தலைவலியில் அந்தச் சுலபம் கிடையாது. இந்தத் தாளைப் படித்துவிட்டோம் என்பதே சிலருக்குத் தலைவலியைக் கொண்டுவரும் என்பதும் உண்மை, ஆனால் அக்கா தலைவலி வந்த பிறகுதான் தாளைப் பிரித்தாள்.

ஏப்ரல் 28 ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தேன். மூன்று வரி. டி3, டி4, டி.எஸ்.எச். கடைசி வரியில் டி.எஸ்.எச். 0.05, பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு, அதையும் அக்கா சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தாள். டி.எஸ்.எச். குறைவு என்றால் ஹைப்பர் என்று ஜனவரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் "மூணு மாசம் சாப்பிட்டும் ஹைப்பர் குறையவே இல்ல, தலைவலிதான் மிச்சம்" என்று முடிவு கட்டிவிட்டாள். மாத்திரையை நிறுத்த அது இரண்டாவது காரணம்.

அதற்கு மேல் வரியில் டி4, 3.1. அந்த லேபின் கீழ் எல்லை 5-க்குப் பக்கத்தில். அங்கேயும் கீழ்நோக்கி ஒரு அம்பு இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு அம்பும் ஒரே பக்கம் பார்க்கக் கூடாது என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? டி4 குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "இன்னும் சுர" என்று டி.எஸ்.எச்.சை ஏற்ற வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ஹார்மோன் வெள்ளத்தில் கிடந்த பிட்யூட்டரி உடனே விழித்துக்கொள்வதில்லை. டி4 சரியாகி, சரிக்கும் கீழே போன பிறகும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டி.எஸ்.எச். அமுங்கியே கிடக்கும். அதனால்தான் சிகிச்சையின் முதல் சில மாதங்களில் டி.எஸ்.எச்.சை மட்டும் நம்பக் கூடாது, ஃப்ரீ டி4-ஐயும் டி3-ஐயும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016 வழிகாட்டி, மருந்து ஆரம்பித்த 2 முதல் 6 வாரத்துக்குள் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது. எங்கள் துறையில் இதைப் பழைய கேஷ் என்போம். திரையில் தெரிவது நேற்றைய நிலவரம், உள்ளே எல்லாம் மாறிவிட்டது.

ஆக, ஏப்ரல் 28 அன்று அக்கா ஹைப்பர் இல்லை. மருந்தால் தள்ளப்பட்டு ஹைப்போவில் இருந்தாள்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பிமசோல் மோட்டாரைத்தான் நிறுத்துகிறது, தொட்டியில் இருக்கும் தண்ணீரை ஒன்றும் செய்வதில்லை. சுரப்பிக்குள் ஏற்கெனவே செய்து வைத்த ஹார்மோன் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அதனால் முதல் மூன்று நான்கு வாரம் பெரிய மாற்றம் தெரியாது, அதற்கப்புறம் இறங்கும், 4 முதல் 8 வாரத்தில் பலர் சமநிலைக்கு வருவார்கள். அந்த இடத்தில் டோஸைக் குறைக்க வேண்டும், 5 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவுக்கு. இல்லாவிட்டால் இறக்கம் நிற்காது. சில ஊர்களில் டோஸைக் குறைக்காமல் கூடவே தைராக்சின் கொடுத்துச் சமன் செய்வதும் உண்டு. அக்காவுக்கு இரண்டுமே நடக்கவில்லை, ஏனென்றால் குறைக்க வேண்டிய நாளில் அவள் தேர்வறையில் இருந்தாள்.

ஹைப்போவுக்கும் தலைவலிக்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் ஹைப்போ தைராய்டால் வரும் தலைவலிக்கு 10.4 என்று தனி எண்ணே இருக்கிறது. ஹைப்போ உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு வரலாம் என்று அதில் ஒரு மதிப்பீடு. பெண்களுக்கு அதிகம், முன்னால் மைக்ரேன் இருந்தவர்களுக்கு அதிகம். வலியின் குணம்: பெரும்பாலும் தலையின் இரண்டு பக்கமும், விண்விண் என்று தெறிக்காமல், விடாமல் இருக்கும். சாதாரணமாகக் குமட்டல், வாந்தி இருக்காது. ஹார்மோன் சரியானால் வலியும் போகும்.

அக்காவிடம் கேட்டேன், எப்படி இருந்தது வலி? "தலையைச் சுத்தி ஈரத்துணிய இறுக்கிக் கட்டின மாதிரி. காலைல இருந்து ராத்திரி வரைக்கும்." வாந்தி? "இல்ல." அப்போது அக்கா மகள் நடுவில் புகுந்தாள். "மாமா, ஏப்ரல்ல அம்மா ஃபேனை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டாங்க." நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏப்ரல் மாதத் திருச்சியில் ஃபேனை நிறுத்தச் சொல்கிற ஒரு மனுஷியை வீட்டில் வைத்துக்கொண்டு, யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஜனவரியில் இதே அக்கா போர்வையை உதறி எறிந்தவள். நாலு கிலோ ஏறியிருந்தாள், மலச்சிக்கல், விடைத்தாள் மேலேயே தூங்கி வழிந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது, வேலைக் களைப்பு.

இப்போது மருந்தே நேரடியாகத் தலைவலியைத் தந்ததா, இல்லை மருந்து ஹார்மோனை ரொம்ப இறக்கியதால் வந்ததா? இந்த இடத்தில் அக்கா தெரியாமலே எங்களுக்கு ஒரு சோதனை செய்து கொடுத்திருந்தாள். மே 4 அன்று மாத்திரையை நிறுத்தினாள் அல்லவா? மெத்திமசோல் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம். ஐந்து தடவை பாதியானால் 3 சதவீதம்தான் மிச்சம். அதாவது மறுநாள் ராத்திரிக்குள் ரத்தத்தில் மருந்து கிட்டத்தட்ட இல்லை. மருந்தின் நேரடி வேலை என்றால் தலைவலி இரண்டு மூன்று நாளில் விட்டிருக்க வேண்டும். அக்காவின் காலண்டரில், வலித்த நாட்களில் சின்னதாய் ஒரு 'த' போட்டு வைத்திருந்தாள், ஆசிரியை அல்லவா. மே 15 வரை தினமும் 'த'. அதற்கப்புறம் ஒன்றுவிட்டு ஒருநாள். மே கடைசியில் காலண்டர் சுத்தம். இது மணிக்கணக்கில் போகும் பொருளின் வேகம் இல்லை. வாரக்கணக்கில் ஏறும் டி4-இன் வேகம்.

அந்தக் காலண்டர்தான் நான் மே மாதமே கேட்டிருக்க வேண்டிய லாக்.

மருந்தியலில் பக்கவிளைவுகளை ஏ, பி என்று இரண்டாகப் பிரிப்பார்கள். மருந்து செய்ய வேண்டிய வேலையையே அளவுக்கு மீறிச் செய்தால் ஏ வகை. டோஸைக் குறைத்தால் சரியாகும். மருந்தின் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் சிலர் உடம்பில் மட்டும் எதிர்பாராமல் வெடிப்பது பி வகை. அதற்குப் பெரும்பாலும் மருந்தையே நிறுத்த வேண்டும். அக்காவின் தலைவலியை நான் ஏ-வில் வைப்பேன். "அப்ப மருந்தாலதான வந்துச்சு, நான் சொன்னது சரிதான" என்று அக்கா கேட்டாள். சரிதான். ஆனால் வைத்தியம் வேறு.

பக்கவிளைவா இல்லையா என்று எடைபோட 1981-இல் வந்த நாரஞ்சோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். 9-ஓ அதற்கு மேலோ வந்தால் நிச்சயம், 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை இருக்கலாம். முன்பே இப்படிப் பதிவாகியிருக்கிறதா, ஆம், 1. மருந்துக்குப் பிறகு வந்ததா, ஆம், 2. வேறு காரணம் இருக்க முடியுமா, ஆம், ஒன்றைக் கழி. மே மாதத்தில் நின்று கணக்குப் போட்டால் 2. இருக்கலாம். ஒரு மனுஷி மருந்தையே தூக்கிப்போட்டதன் ஆதாரம் இவ்வளவுதான். எனக்கு இந்த அளவுகோலில் குறையும் தெரிகிறது. மருந்தின் நேரடி விளைவையும் டோஸ் மீறிய விளைவையும் அது பிரித்துச் சொல்லாது. இருந்தாலும், வட்டம் போடுவதற்கு முன்னால் பத்துக் கேள்வி கேட்கவைக்கிறதே.

சர்க்கரை குறைவதாலும் தலைவலி வரலாம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கந்தகம் உள்ள மெத்திமசோல் மிக அபூர்வமாகச் சிலருக்கு இன்சுலினுக்கே எதிர்ப்பொருளை உண்டாக்கி, திடீர் திடீரென்று சர்க்கரையை இறக்கும். ஜப்பானில்தான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. பசி நேரத்தில் வியர்வை, நடுக்கத்தோடு தலைவலி வந்தால் ஒரு சர்க்கரைப் பரிசோதனை வீணாகாது. கிரேவ்ஸ் நோயில் கண்ணுக்குப் பின்னால் வீக்கம் வந்தாலும் கண்ணைச் சுற்றி வலிக்கும். பார்வை மங்கினாலோ இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, வாழ்க்கையிலேயே வராத கடும் வலி இடி மாதிரி ஒரே நிமிஷத்தில் வந்தாலோ, கூகுளை மூடிவிட்டு ஆட்டோவைப் பிடியுங்கள்.

என்னை நிஜமாகப் பயமுறுத்தியது தலைவலி இல்லை. தலைவலிக்கு அக்கா என்ன செய்தாள் என்பதுதான். மூன்று வாரம் கிட்டத்தட்ட தினமும் டோலோ 650. நம் வீடுகளில் அது மருந்தாகவே கணக்கில் வராது, உப்பு மிளகாய் மாதிரி. "ஏப்ரல்ல ரெண்டு நாள் தொண்டை கூட வலிச்சுது, அதுக்கும் சேத்துப் போட்டுக்கிட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

கார்பிமசோல் சாப்பிடும் ஆயிரம் பேரில் 2 முதல் 5 பேருக்கு வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை திடீரென்று அடியோடு சரிந்துவிடும், ஒரு மைக்ரோ லிட்டருக்கு 500-க்கும் கீழே. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அப்போது சாதாரணத் தொற்றே உயிருக்கு உலை வைக்கும். அது தன்னைக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு அறிகுறியால்: காய்ச்சல், தொண்டை வலி. இவை வந்தால் மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். முன்னால் பார்த்த பரிசோதனை நன்றாக இருந்தது என்பது பாதுகாப்பில்லை, சரிவு அவ்வளவு திடீரென்று வரும். டோலோவோ, தலைவலியைக் குறைக்கிற அதே கையால் காய்ச்சலையும் மறைத்துவிடும். புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சமைப்பது மாதிரி. அக்காவுக்கு அன்று வந்தது வெறும் தொண்டைக் கரகரப்புதான். அது அதிர்ஷ்டம் என்று அவளுக்கு ஜூனில்தான் தெரிந்தது.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போடவே கூடாது என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரை வையுங்கள். ஆஸ்பிரினை அதிக டோஸில் எடுப்பது இதில் இன்னும் மோசம், அது ரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் டி4-ஐ விடுவித்துவிடும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் பாராசிட்டமால் என்று மூன்று மாதம் தாண்டிப் போனால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும் என்பதும் அதே வகைப்பாட்டில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது ப்ராப்ரனலால். இது படபடப்பு மருந்து மட்டும் இல்லை, மைக்ரேன் வராமல் தடுக்கவும் தருகிற மருந்து. அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒற்றைத் தலைவலி உண்டு, நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது அந்த அறையில் சத்தம் போட்டால் அடி விழும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ப்ராப்ரனலால் அதை அமுக்கி வைத்திருந்து, அட்டை தீர்ந்ததும் வெளியே விட்டிருக்கலாமோ? தொடர்ந்து சாப்பிட்ட ப்ராப்ரனலாலைப் பட்டென்று நிறுத்துவதே தப்பு, இதயம் எகிறும். ஆனால் மே மாதத்தில் கார்பிமசோல் நின்றபோது தலைவலியும் போய்விட்டதே, ப்ராப்ரனலால் இல்லாமலே. அதனால் இது இரண்டாம் நம்பர் சந்தேகம். சரியாகச் சொன்னால், மே மாதம் விடைத்தாளும் இல்லை, பள்ளி விடுமுறை. அதையும் முழுசாகக் கழித்துவிட முடியாது.

ஜூனில் டாக்டர் எல்லாச் சீட்டையும் பொறுமையாகப் பார்த்தார். 'த' போட்ட காலண்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டார். ஃப்ரீ டி4 மறுபடி மேலே ஏறியிருந்தது. கார்பிமசோல் இந்தத் தடவை 10 மில்லிகிராம், கூடவே ப்ராப்ரனலால், நான்கு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல், தொண்டை வலி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்தார். அதே மருந்து, மூன்றில் ஒரு பங்கு டோஸ், ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் காலண்டரில் ஒரு 'த' கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல். டோஸையும் மாற்றி ப்ராப்ரனலாலையும் சேர்த்தாயிற்று. இரண்டு மாற்றத்தை ஒரே நாளில் டெப்ளாய் பண்ணினால் எது பக்கைத் தீர்த்தது என்று யார் சொல்வது? அக்காவிடம் இதைச் சொன்னேன். "நான் என்னடா உன் கம்ப்யூட்டரா" என்றாள்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் நோயாளியே தெரிவிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. அக்காவை உட்காரவைத்து விவரம் கொடுக்கவைத்தேன், டி4 எண்ணையும் சேர்த்து. எண் இல்லாமல் போனால் அது இன்னொரு 'ஹெட்ஏக்' வரியாகத்தான் போய்ச் சேரும்.

செப்டம்பரில் ஃப்ரீ டி4 நடுவில் நின்றது. டாக்டர் ப்ராப்ரனலாலை மட்டும் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார், கார்பிமசோலைத் தொடவில்லை. நான் கேட்ட ஒற்றை மாற்றம், யாரும் எனக்காகச் செய்யவில்லை என்றாலும். அக்டோபரில் இரண்டு தடவை காலண்டரில் 'த' வந்தது. உடனே போன் போட்டேன். இந்தத் தடவை ஒரு பக்கம் மட்டும், விண்விண் என்று, வெளிச்சம் பட்டால் கண் கூசி, ஒரு வாந்தி எடுத்ததும் அடங்கிவிட்டதாம். ஏப்ரலில் வந்தது மாதிரியா என்று கேட்டேன்.

"அது வேற, இது வேறடா. இது என் பழைய ஆளு. முப்பது வருஷம் கழிச்சு வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்" என்றாள். மாத்திரையை நிறுத்தவில்லையே என்று கேட்டேன். அன்று காலை போட்ட அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள், காலியான குழியைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு.